ஹான்டார்ஃப்: பீர் மக்குக்கு பின்னாடி இருக்கிற ஜெர்மன் கிராமம்

சவுத் ஆஸ்திரேலியா மாநிலத்தோட தலைநகர் அடிலெய்டுல யார் வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் ரெண்டாவது நாளோ மூணாவது நாளோ அவங்கள கார்ல ஏத்தி ஹான்டார்ஃபுக்கு கூட்டிட்டு போயிடுவாங்க. கிட்டத்தட்ட சம்பிரதாயம் அது. சிட்டியில இருந்து ஃப்ரீவேயில மலை ஏறினா சுமார் 28 கிலோமீட்டர், அரை மணி நேரம் போதும். போய் இறங்கினா ஒரே ஒரு நீளமான மெயின் ஸ்ட்ரீட், ரெண்டு பக்கமும் வயசான மரங்க, அதுக்கு பின்னாடி கல்லுலயும் செங்கல்லுலயும் கட்டின பழைய வீடுங்க, பாதிக்கு மேல எல்லாத்துலயும் இப்போ ஏதாவது ஒரு கடை. குக்கூ கடிகாரம், மெழுகுவர்த்தி, ஃபட்ஜ், தட்டுல அடங்காம வெளிய தொங்குற சாசேஜ், ரெண்டு கையால தூக்க வேண்டிய பீர் மக், தோல் டிரவுசர் போட்ட பொம்மை. நாலு போட்டோ எடுத்து, ஒரு பிரெட்செல் வாங்கி தின்னுட்டு, "செம ஊருப்பா, அப்படியே ஜெர்மனி மாதிரியே இருக்கு"ன்னு சொல்லிட்டு எல்லாரும் கிளம்பிடுவாங்க.

இதுல சிக்கல் என்னன்னா அந்த தோல் டிரவுசரும் பீர் மக்கும் பவேரியா சமாச்சாரம். பவேரியான்னா தெற்கு ஜெர்மனி, பெரும்பாலும் கத்தோலிக்கப் பகுதி. ஹான்டார்ஃப உருவாக்கினவங்க அதுக்கு நேர் எதிர் மூலையில, பிரஷ்ய ராஜ்யத்தோட கிழக்குப் பக்கம் பிராண்டன்பர்க், போசன், சிலேசியான்னு இருந்த பகுதிகள்ல இருந்து வந்த, ரொம்பவே கட்டுப்பெட்டியான லுத்தரன் விவசாயிங்க, அதாவது மார்ட்டின் லுத்தர் வழி புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவங்க. அவங்க ஹான்டார்ஃப்ல குடியேறின 1839-ல ஜெர்மனின்னு ஒரு நாடே கிடையாது, அது 1871-ல தான் உருவாச்சு. அவங்கள கப்பல்ல கொண்டு வந்து சேர்த்த கேப்டன் டிர்க் மைனெர்ட்ஸ் ஹான் ஸில்ட் தீவுக்காரர், அந்த தீவு அப்போ டென்மார்க் ராஜா கையில இருந்துச்சு. அதுக்கும் மேல, இவங்க விட்டுட்டு வந்த கிராமங்கள்ல பலது இன்னைக்கு போலந்துல இருக்கு, ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சதும் அங்க இருந்த ஜெர்மன்காரங்கள மொத்தமா வெளியேத்திட்டாங்க. ஆக "அப்படியே அந்த ஊர் மாதிரியே இருக்கு"ன்னு சொல்றதுக்கு ஒப்பிட்டு பாக்க அந்த ஊரே இப்போ அந்த ரூபத்துல இல்ல. இது தெரிஞ்சுட்டு போனா ஹான்டார்ஃப் வேற மாதிரி தெரியும், கடைகளுக்கு நடுவுல எத பாக்கணும்னும் புரியும்.

கதை ஒரு சபைச் சண்டையில ஆரம்பிக்குது. பிரஷ்ய ராஜா மூன்றாம் ஃப்ரெட்ரிக் வில்லியம் குடும்ப வழியில சீர்திருத்த சபைக்காரர், அதாவது கால்வின் வழி. அவரோட ராணி லூயிஸ் லுத்தரன். ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே பீடத்துல திருவிருந்து எடுக்க முடியல, அது அந்த மனுஷனுக்கு ரொம்ப உறுத்தலா இருந்துச்சுன்னு சொல்வாங்க. ராணி 1810-லயே இறந்துட்டாங்க. 1817-ல, லுத்தர் ஆரம்பிச்ச சீர்திருத்தத்தோட முந்நூறாவது வருஷத்த சாக்கா வச்சு ரெண்டு சபையையும் ஒன்னா சேக்கணும்னு ராஜா அறிவிச்சாரு, அடுத்து தானே முன்ன நின்னு ஒரு பொது வழிபாட்டுப் புத்தகமும் தயார் பண்ணாரு, 1830-ல இருந்து அத எல்லாரும் கண்டிப்பா பயன்படுத்தணும்னு அழுத்தம் ஜாஸ்தியாச்சு.

இன்னைக்கு நமக்கு இது என்ன பெரிய விஷயம்னு தோணலாம். திருவிருந்துல அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கும்போது அதுல கிறிஸ்துவோட சரீரமும் ரத்தமும் மெய்யாவே இருக்குன்னு லுத்தரன்காரங்க நம்பினாங்க, கால்வின் வழிக்காரங்க அத வேற மாதிரி, ஆவிக்குரிய அர்த்தத்துல எடுத்துக்கிட்டாங்க. ராஜாவோட புது புத்தகத்துல ரெண்டு பேரும் அவங்கவங்க இஷ்டத்துக்கு அர்த்தம் பண்ணிக்கிற மாதிரி வாசகம் வச்சிருந்தாங்க. அந்த மழுப்பல தான் கிராமத்து ஆளுங்க ஏத்துக்கல, அரசாங்கம் வந்து எப்படி ஜெபம் பண்ணணும்னு சொல்றதான்னு கேட்டாங்க. மறுத்த போதகர்கள வேலைய விட்டு எடுத்தாங்க, ஜெயில்ல போட்டாங்க, ரகசியமா கூடி வழிபட்டவங்களுக்கு அபராதம். 1834-ல சிலேசியாவுல ஹோனிகெர்ன்ங்கிற ஊர்ல ஒரு சர்ச்ச திறக்க பட்டாளத்தையே அனுப்பினாங்க. இந்த மாதிரி எதிர்த்து நின்னவங்களுக்கு பழைய லுத்தரன்காரங்கன்னு பேரு.

கிளெம்ஸிக்ங்கிற கிராமத்துல இருந்த போதகர் அவுகுஸ்ட் காவெல் அந்த வகை ஆளு. சபையோட வெளிநாடு போயிடலாம்னு முடிவு பண்ணி 1836-ல லண்டன் போய் ஜார்ஜ் ஃபைஃப் ஆங்கஸ்ங்கிற வியாபாரிய பாத்தாரு. ஆங்கஸ் சவுத் ஆஸ்திரேலியன் கம்பெனியோட தலைவர், அவரும் இங்கிலாந்து அரசாங்க சபையில சேராத பாப்டிஸ்ட். அதனால அனுதாபம் இருந்துச்சு. ஆனா அனுதாபம் மட்டும் இல்ல. சவுத் ஆஸ்திரேலியா காலனி அப்போ தான் பொறந்துட்டு இருந்துச்சு, கைதிங்கள கொண்டு வந்து இறக்காம, நிலத்த நிர்ணயம் பண்ண விலைக்கு வித்து அந்த காசுல கூலி ஆட்கள வரவழைக்கிறதுன்னு திட்டம். அங்க நிலம் வாங்க பணக்காரங்க தயார், உழுறதுக்கு ஆள் வேணும். குடிக்காத, சண்டை போடாத, குடும்பம் குடும்பமா வர்ற விவசாயிங்க கிடைச்சா யாருக்கு கசக்கும்? புண்ணியமும் ஆச்சு, லாபமும் ஆச்சுன்னு ஆங்கஸ் கப்பல் செலவுக்கு கடன் கொடுத்தாரு, வட்டியோட தான்.

பிரஷ்ய அரசாங்கம் ஒரு பக்கம் இவங்கள பிடிக்காம விரட்டுது, இன்னொரு பக்கம் வெளிய போகவும் பாஸ்போர்ட் கொடுக்காம இழுத்தடிக்குது. கடைசியா 1838-ல தான் அனுமதி கிடைச்சுச்சு. அந்த வருஷக் கடைசிக்கும் 1839 ஜனவரிக்கும் நடுவுல பிரின்ஸ் ஜார்ஜ், பெங்காலி, ஸீப்ரா, கேத்தரீனான்னு நாலு கப்பல்ல ஐநூறு பேருக்கு மேல வந்து சேர்ந்தாங்க. இதுல ஒரு வேடிக்கை, ராஜா 1840-ல செத்துப் போனாரு, அவர் மகன் வந்ததும் கெடுபிடி எல்லாம் தளர்ந்துச்சு, இன்னும் ரெண்டு வருஷம் பல்ல கடிச்சுட்டு இருந்திருந்தா இவங்க கிளம்பியே இருக்க வேண்டாம். அதுக்கு அப்புறம் கூட்டம் கூட்டமா வந்த ஜெர்மன்காரங்கள்ல பெரும்பாலானவங்க நிலத்துக்கும் சம்பாத்தியத்துக்கும் வந்தவங்க தான்.

ஹான்டார்ஃப் கதைக்கு முக்கியமான கப்பல் ஸீப்ரா. 1838 ஆகஸ்ட்ல கிளம்பி டிசம்பர் 28-ல வந்து நின்னுச்சு, காலனி பிறந்ததா அறிவிச்சு சரியா ரெண்டாவது வருஷ நாள். நாலரை மாச கடல் பயணம், வழியில சில பேர் இறந்தும் போனாங்க. வந்து இறங்கின துறைமுகத்துக்கு அப்போ ஊர் வச்ச பட்டப் பேரே துயரத் துறைமுகம்னு தான், சதுப்பு நிலம், கொசு, குடிக்க நல்ல தண்ணி கிடையாது, மூட்டை முடிச்ச சேத்துல இழுத்துட்டு போகணும். கேப்டன் ஹானுக்கு வேலை அதோட முடிஞ்சிடுச்சு, ஆள இறக்கிட்டு கப்பல திருப்பிட்டு போயிருக்கலாம். அந்தாளு போகல. இந்த ஜனங்களுக்கு பாஷை தெரியாது, காசு கிடையாது, ஆளுக்கு ஒரு திசையா கூலிக்கு சிதறிப் போயிடுவாங்கன்னு தெரிஞ்சு, இவங்க எல்லாரும் ஒன்னா இருக்கிற மாதிரி ஒரு நிலம் புடிச்சு கொடுக்கணும்னு ஊர்ல பெரிய மனுஷங்கள போய் பாத்தாரு.

அப்போ மவுண்ட் பார்க்கர் பக்கம் டட்டன், மக்ஃபார்லேன், ஃபின்னிஸ்னு மூணு பேர் சேர்ந்து ஏக்கர் ஒரு பவுண்டுன்னு 4,000 ஏக்கர மடக்கிப் போட்டிருந்தாங்க. 1839 ஜனவரியில டட்டன் ஹான கூட்டிட்டு போய் இடத்த காட்டினாரு. மலைக்கு நடுவுல நல்ல மண்ணு, ஓடைத் தண்ணி, பெரிய பெரிய கம் மரங்க, அதாவது யூகலிப்டஸ். ஹான் பேரம் பேசி வாங்கின ஒப்பந்தம் உண்மையிலேயே நல்ல ஒப்பந்தம்: முதல்ல 100 ஏக்கர், அப்புறம் அது 150 ஆச்சு, முதல் வருஷம் வாடகை கிடையாது, விதையும் சாப்பாட்டு சாமானும் கடனுக்கு, மாடும் கொடுப்பாங்க. டட்டன் கூட்டத்துக்கும் நஷ்டம் ஒன்னும் இல்ல, சும்மா கிடந்த 4,000 ஏக்கருக்கு நடுவுல ஒரு கிராமம் வந்துட்டா மிச்ச நிலத்துக்கு விலை ஏறும், இன்னைக்கு நம்ம ஊர் ரியல் எஸ்டேட்காரங்க லேஅவுட்டுக்கு பக்கத்துல காலேஜ் வருதுன்னு சொல்றதுக்கு பின்னாடி இருக்கிற கணக்கு தான். ஜனங்க நன்றியா ஊருக்கு கேப்டன் பேரையே வச்சாங்க. வண்டிக்காரங்க கேட்ட கூலிய கொடுக்க வக்கில்லாததால துறைமுகத்துல இருந்து மலை மேல வரைக்கும் பெரும்பாலானவங்க சாமான சுமந்துட்டு நடந்தே வந்தாங்க.

ஒன்ன மட்டும் தாண்டிப் போகக் கூடாது. டட்டன் கூட்டம் அந்த நிலத்த வாங்கினது அரசாங்கத்துக்கிட்ட, ஆனா அது பெராமங்க்ங்கிற பூர்வகுடிகளோட இடம். ஹான்டார்ஃப் இருக்கிற இடத்துக்கு அவங்க வச்ச பேரு புக்கார்ட்டில்லா. முதல் வருஷத்துல விளைச்சல் வர்றதுக்கு முன்னாடி ஜெர்மன்காரங்க பட்டினி கிடக்காம தப்பிச்சதுக்கு, எந்த கீரைய திங்கலாம், மரத்துல இருக்கிற பாசம்ங்கிற சின்ன மிருகத்த எப்படி புடிக்கிறதுன்னு பெராமங்க் ஜனங்க காட்டிக் கொடுத்தது ஒரு காரணம்னு ஊர் வரலாற்றுல சொல்றாங்க. அதுக்கு பதிலுக்கு அவங்களுக்கு கிடைச்சது வேலியும் வியாதியும் தான், கொஞ்ச காலத்துலயே அந்த மலைப்பகுதியில அவங்க பழைய வாழ்க்கை நொறுங்கிப் போச்சு. ஒரு கூட்டம் அடக்குமுறைக்கு தப்பிச்சு வந்து இன்னொரு கூட்டத்தோட நிலத்துல குடியேறின கதை இது, வந்தவங்க மேல எவ்வளவு இரக்கம் வந்தாலும் இத மறைச்சுட்டு சொல்ல முடியாது.

இங்க நமக்கும் ஒரு சின்ன தொடர்பு இருக்கு. 1838-லயே டிரெஸ்டன் மிஷன் சங்கம் டைக்கெல்மன், ஷூர்மன்னு ரெண்டு மிஷனரிகள அடிலெய்டுக்கு அனுப்பிச்சு. அவங்க அடிலெய்டு சமவெளியில இருந்த கௌர்னா ஜனங்களோட பழகி 1840-ல கௌர்னா மொழிக்கு ஒரு இலக்கணமும் சொல் தொகுப்பும் அச்சடிச்சாங்க. அதே சங்கம் அதே 1840-ல கோர்டெஸ்ங்கிற மிஷனரிய தரங்கம்பாடிக்கு அனுப்பிச்சு, அந்த சங்கம் தான் பின்னாடி லைப்சிக் மிஷன்னு ஆகி, தமிழ்நாட்டுல இன்னைக்கு தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபைன்னு இருக்கிறதுக்கு வேர். அதோட தலைவரா இருந்த கார்ல் கிரவுல் திருக்குறள ஜெர்மன்ல மொழிபெயர்த்தவர். கௌர்னா மொழி அன்றாடப் பேச்சுல இருந்து மறைஞ்சு போய் பல காலம் கழிச்சு இப்போ திரும்ப கத்துக்கிட்டு இருக்காங்க, அதுக்கு முக்கிய ஆதாரமா இருக்கிறது அந்த 1840 புத்தகம். மதம் மாத்த வந்தவங்க எழுதி வச்சது மொழி மீட்கிறதுக்கு உதவுது. யாருக்கு எத எழுதி வைக்கிறோம்னு எழுதும்போது தெரியாது போல.

சரி, கிராமத்துக்கு வருவோம். ஹான்டார்ஃப தூக்கி நிறுத்தினது யாருன்னு கேட்டா நான் பொம்பளைங்கன்னு தான் சொல்வேன். அடிலெய்டு அப்போ புது டவுன், காய்கறி, வெண்ணெய், முட்டைக்கு நல்ல கிராக்கி, ஆனா மலைப்பாதையில வண்டி இறக்குறது செலவு. அதனால பொண்ணுங்களும் பொம்பளைங்களும் நம்ம ஊர் காவடி மாதிரி தோள்ல ஒரு தடி, ரெண்டு பக்கமும் கூடைன்னு சுமந்துட்டு நடு ராத்திரியிலயே கூட்டமா கிளம்பி, இருட்டுல காட்டுப் பாதையில மலை இறங்கி விடியக்காலைல டவுனுக்கு போயிடுவாங்க. செருப்பு தேயக் கூடாதுன்னு வெறுங்காலோட நடந்து, அடிவாரத்துல போமாண்ட் பக்கம் ஓடையில கால கழுவி, கையில வச்சிருந்த காலுறையையும் ஷூவையும் அங்க தான் மாட்டிப்பாங்களாம். வித்து முடிச்சு அன்னைக்கே திரும்ப மலை ஏறணும். திரும்பி வரும்போது சர்ச் கட்ட ஆளுக்கு ரெண்டு செங்கல் சுமந்துட்டு வந்தாங்கன்னு ஒரு வாய்வழிக் கதை உண்டு. செங்கல் கதை எவ்வளவு நிஜமோ, நடந்தது நிஜம், அந்த பாதைய இன்னைக்கு பயனியர் விமன்ஸ் டிரெயில்னு அடையாளம் போட்டு வச்சிருக்காங்க, சுமார் 26 கிலோமீட்டர், நீங்களும் நடந்து பாக்கலாம். இது போதாதுன்னு சுத்துப்பட்டு பண்ணைகள்ல செம்மறி ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கிற வேலைக்கும் இந்த ஊர் பொம்பளைங்க தான் போனாங்க, ஆம்பளைங்க வேலைன்னு இங்கிலீஷ்காரங்க நினைச்சுட்டு இருந்த வேலை அது. அப்படி சேர்த்த காசுல தான் ஆங்கஸ் கடனும் டட்டன் கடனும் அடைஞ்சுச்சு.

இப்போ வீடுங்க. மெயின் ஸ்ட்ரீட்ல ஹேபிக்ஸ் காட்டேஜ்னு 1850கள்ல கட்டின ஒரு கொல்லர் வீடு இருக்கு, தெருவுல நின்னே பாக்கலாம். ஃபாக்வெர்க்னு சொல்ற மரச்சட்ட வீடு. செவுத்த உத்துப் பாத்தா கட்டினவங்க புத்தி தெரியும்: முதல்ல ரெட் கம் மரத்துல மொத்த வீட்டுக்கும் ஒரு எலும்புக்கூடு, நிக்கிற கட்டை, படுக்கிற கட்டை, மூலையில சாய்வா முட்டு. ஒரு கட்டையில துளை போட்டு இன்னொன்னோட முனைய செதுக்கி உள்ள செருகி குறுக்கே மர ஆணி அடிச்சிருப்பாங்க. கட்டைக்கு நடுவுல இருக்கிற கட்டங்கள மண்ணும் வைக்கோலும் பிசைஞ்சு அப்பியோ, காசு வந்த பிறகு செங்கல் வச்சோ அடைச்சுட்டாங்க. பிரஷ்யாவுல ஓக் மரமோ பைனோ வச்சு செய்யிற வேலைய இங்க கிடைச்ச ரெட் கம்ல செஞ்சாங்க. ரெட் கம் லேசுல கரையான் அரிக்காது, உளுக்காது, ஆனா இழைக்கிறதுக்குள்ள உயிர் போயிடும், அதனால தான் பல கட்டைகள்ல கோடாலி வெட்டின தழும்பு அப்படியே இருக்கு. இந்த செவுறு ஒன்னு தான் அந்த ஊர்ல நிஜமாவே பிரஷ்யாவையும் ஆஸ்திரேலியாவையும் சேர்த்து வச்சிருக்கிற இடம், அதுக்கு முன்னாடி யாரும் செல்ஃபி எடுக்கிறது இல்ல.

சபைச் சண்டைய கடல் தாண்டி வந்தா விட்டுடுவாங்கன்னு நினைச்சா இல்ல. ராஜா இல்லாத ஊர்ல தங்களுக்குள்ளயே சண்டை போட்டுக்கிட்டாங்க. 1841-ல ஃப்ரிட்ஷேங்கிற இன்னொரு போதகர் ஒரு கூட்டத்தோட வந்து சேர்ந்தாரு. காவெலுக்கு கிறிஸ்து திரும்பி வந்து ஆயிர வருஷ அரசாட்சி நடத்துவாருங்கிறதுல தீவிர நம்பிக்கை, ஃப்ரிட்ஷேக்கு அது லுத்தரன் போதனையே இல்லன்னு கருத்து. 1846-ல, இன்னைக்கு ஒயினுக்கு பேர் போன பரோசா பக்கம் பெத்தனியில கூடின சபைக் கூட்டத்துல அது வெடிச்சு ரெண்டா உடைஞ்சு போச்சு. ஹான்டார்ஃப் மாதிரி ஒரு சின்ன ஊர்ல செயின்ட் மைக்கேல்ஸ், செயின்ட் பால்ஸ்னு ரெண்டு லுத்தரன் சர்ச் எதுக்குன்னு வர்றவங்க குழம்புவாங்க, விஷயம் இது தான். ஆஸ்திரேலியா முழுக்க இந்த ரெண்டு வழியும் ஒரே சபையா சேர்ந்தது 1966-ல, 120 வருஷம் கழிச்சு.

அடுத்தது முதல் உலகப்போர். எழுபத்தஞ்சு வருஷமா நல்ல பிரஜைங்கன்னு பேர் வாங்கினவங்க திடீர்னு எதிரி ஆயிட்டாங்க. அடிலெய்டு பக்கத்துல டாரன்ஸ் தீவுல முகாம் போட்டு ஆட்கள அடைச்சாங்க, மாநில அட்டர்னி ஜெனரலா இருந்த ஹெர்மன் ஹோம்பர்க் ஜெர்மன் வம்சம்ங்கிற ஒரே காரணத்துக்காக வந்த நெருக்கடியில 1915-ல ராஜினாமா பண்ணாரு, 1917-ல மாநிலத்துல இருந்த 49 லுத்தரன் பள்ளிக்கூடங்கள மூடினாங்க. ஜெர்மன் பேச்சு அடுத்த தலைமுறைக்கு போகாம நின்னதுல இந்த பள்ளிக்கூட விவகாரத்துக்கு பெரிய பங்கு உண்டுன்னு நான் நினைக்கிறேன், வீட்டுல மட்டும் பேசுற மொழி எத்தன நாள் தாங்கும்னு வெளிநாட்டுல புள்ள வளர்க்கிற நம்ம ஆளுங்களுக்கு சொல்லித் தர வேண்டியது இல்ல. அதோட ஊர் பேர் மாத்துற சட்டம் ஒன்னு போட்டு 69 ஜெர்மன் பேர அழிச்சாங்க. ஹான்டார்ஃப் ஆம்பிள்சைட் ஆச்சு, அது இங்கிலாந்துல ஏரிப் பக்கம் இருக்கிற ஒரு ஊரு. லோபெத்தல் ட்வீட்வேல் ஆச்சு. அடிலெய்டுல காவெல் கூட்டம் முதல்ல குடியேறி தங்க கிராமத்துப் பேரயே வச்ச கிளெம்ஸிக், பாலஸ்தீனத்துல நடந்த சண்டை ஞாபகமா காஸா ஆச்சு. இத்தனைக்கும் அந்த போர்ல ஆஸ்திரேலியா கொண்டாடின பெரிய தளபதி ஜான் மோனாஷோட அப்பா அம்மா வந்ததே பிரஷ்யாவுல இருந்து. காலனியோட நூற்றாண்டு விழாவுக்கு முந்தின வருஷம், 1935-ல, இந்த மூணு ஊருக்கும் பழைய பேர திருப்பிக் கொடுத்தாங்க. கிளெம்ஸிக்ல மட்டும் இன்னைக்கும் லோக்கல் ஃபுட்பால் கிளப்புக்கு பேரு காஸா தான்.

அந்த போர் காலத்துல ஹான்டார்ஃப்ல இருந்த இன்னொரு ஆளு ஓவியர் ஹான்ஸ் ஹைசன். 1877-ல ஹாம்பர்க்ல பிறந்து ஏழு வயசுல குடும்பத்தோட அடிலெய்டு வந்தவர், 1908-ல ஹான்டார்ஃபுக்கு குடி வந்து 1912-ல ஊருக்கு வெளிய தி சீடார்ஸ்ங்கிற வீட்ட வாங்கினாரு. ஆஸ்திரேலியாக்காரங்களுக்கு கம் மரம்னா கண்ணு முன்னாடி வர்ற அந்த பிரம்மாண்டமான, வெயில் அடிச்ச மரம் இவர் தூரிகை கொடுத்தது. அப்பேர்ப்பட்ட ஆளையும் போர் வந்தப்போ சந்தேகமா பாத்தாங்க. காலம் எப்படி திரும்புச்சுன்னா, அதே வீட்டுல வளர்ந்த அவர் பொண்ணு நோரா ஹைசன் ஆஸ்திரேலியாவுல உருவப்படத்துக்கு கொடுக்கிற ஆர்ச்சிபால்ட் பரிச 1938-க்காக வாங்கின முதல் பெண், அதுக்கு அப்புறம் ரெண்டாம் உலகப்போர்ல ஆஸ்திரேலியா அதிகாரப்பூர்வமா நியமிச்ச முதல் பெண் போர் ஓவியர். தி சீடார்ஸ் இன்னைக்கும் பாக்க திறந்து இருக்கு, அவர் வரைஞ்ச ஸ்டுடியோவையும் சுத்தி இருக்கிற மரங்களையும் பாக்காம வந்தா ஹான்டார்ஃப் போனதுல பாதி வீண். மாநிலம் முழுக்க 1,200 கிலோமீட்டர் போற நடைபாதைக்கும் இவர் பேரு தான்.

பீர் மக் எப்போ வந்துச்சுன்னா ரொம்ப பின்னாடி. பேர் திரும்பி வந்த பிறகும் ஊர் சாதாரண மலைக் கிராமம் தான், மெல்போர்ன் போற பெரிய ரோடு ஊருக்கு நடுவுல ஓடிட்டு இருந்துச்சு. 1857-ல பேம்ங்கிறவர் ஆரம்பிச்ச ஹான்டார்ஃப் அகாடமி கட்டடம் கூட 1960கள்ல இடிபடுற நிலைமைக்கு போய், கலை ஆர்வம் உள்ளவங்க தலையிட்டதால தப்பிச்சு கேலரியும் மியூசியமும் ஆச்சு. 1964-ல ஷூட்ஸன்ஃபெஸ்ட்ங்கிற திருவிழா ஆரம்பிச்சாங்க, அதுல பேண்டு, பீர், சாசேஜ்னு கூட்டம் அள்ளுச்சு. 1970கள்ல ஃப்ரீவே வந்து ஊர சுத்திக்கிட்டு போச்சு. பொதுவா பைபாஸ் வந்தா ஊர் செத்துடும், இங்க லாரி போனதும் தெரு நடக்கிறவங்களுக்கு கிடைச்சு கடை தெருவாவே ஆயிடுச்சு. 1988-ல மாநில அரசு மொத்த பகுதியையும் பாரம்பரிய பகுதின்னு அறிவிச்சுது. இதுல கடைக்காரங்கள குத்தம் சொல்ல ஒன்னும் இல்ல. ஜெர்மன்னு சொன்னா உலகத்துக்கே பவேரியா தான் ஞாபகம் வருது, வர்றவங்க கேக்கிறத தான் வைப்பாங்க, ராத்திரி முழுக்க வெறுங்காலோட நடந்த பாட்டிய டீ ஷர்ட்ல போட்டா யார் வாங்குவா? சுற்றுலா காசு வரலன்னா அந்த ரெட் கம் செவுறும் இடிஞ்சு தான் போயிருக்கும். எனக்கு இருக்கிற வருத்தம் ஒன்னு தான், ஒரு காலத்துல ஜெர்மன்னு சொல்லிக்கவே பயந்த ஊர், சொல்லிக்கலாம்னு ஆனப்போ தன்னோட கதைய விட்டுட்டு பக்கத்து வீட்டு சட்டைய மாட்டிக்கிச்சு.

போறவங்களுக்கு சொல்றதுன்னா வார நாள்ல போங்க, சனி ஞாயிறு பார்க்கிங் கிடைக்காம மெயின் ஸ்ட்ரீட்ட மூணு தடவை சுத்த வேண்டி வரும். இலையுதிர் காலம், அதாவது அங்க ஏப்ரல் மே, மரமெல்லாம் மஞ்சளும் சிவப்புமா இருக்கும், குளிரும் தாங்கும். சிட்டியில இருந்து பஸ்ஸும் இருக்கு. முதல்ல அகாடமி மியூசியத்துக்கு போயிடுங்க, ஒரு மணி நேரம் அங்க செலவு பண்ணா மிச்ச ஊர் புரியும். அப்புறம் ஹேபிக்ஸ் காட்டேஜ், செயின்ட் மைக்கேல்ஸ், கல்லறைத் தோட்டம். கல்லறையில பழைய கல்லுல ஜெர்மன் எழுத்து, அதே குடும்பத்துப் புது கல்லுல இங்கிலீஷ், எந்த வருஷம் மாறுதுன்னு நடந்துட்டே கவனிங்க. சாப்பாட்டுக்கு பெரிய பீர் ஹால்ல உக்காந்தா உக்காருங்க, ஆனா பேக்கரியில ஸ்ட்ராய்சல் கேக்கும், தேனும் பாதாமும் மேல வச்ச பீனன்ஸ்டிஷ் கேக்கும் வாங்க மறக்காதீங்க, முதல்ல சொன்னது, மேல பொடிப்பொடியா வெண்ணெய் மாவு தூவின கேக், அது அந்த கிழக்குப் பகுதி வீடுகள்ல நிஜமாவே சுட்டது. மாட்டுக்கறி பன்னிக்கறி சாப்பிடாதவங்களுக்கு மெனுவுல கொஞ்சம் திண்டாட்டம் தான், சாசேஜ் எல்லாம் என்ன கறின்னு கேட்டுட்டு ஆர்டர் பண்ணுங்க. கோடையில குழந்தைங்களோட போனா ஊர் எல்லையில பீரன்பெர்க் பண்ணையில ஸ்ட்ராபெரி பறிக்க விடுவாங்க, 1839 காலத்துலயே இங்க வந்த பேக் குடும்பத்தோடது அது, ஜாம் போட்டு விக்க ஆரம்பிச்சது 1971-ல.

பரோசாவுக்கும் போற பிளான் இருந்தா ஒயின் கடைகளுக்கு நடுவுல பெத்தனியில ஒரு பத்து நிமிஷம் வண்டிய நிறுத்துங்க. 1842-ல குடியேறின கிராமம், கடை ஒன்னும் கிடையாது. ரோட்ட ஒட்டி வரிசையா வீடு, ஒவ்வொரு வீட்டுக்கு பின்னாடியும் ரிப்பன் மாதிரி நீளமா அவங்க நிலம்னு அந்த பழைய பிரஷ்ய கிராம அமைப்பு அங்க இன்னும் கண்ணுக்கு தெரியும், ஹான்டார்ஃப்ல அது கடைகளுக்கு பின்னாடி மறைஞ்சு போச்சு.